காஸ் கோட்: தமிழில் ‘காரணக் குறி’

ஓர் அழைப்பு முடியும்போது, ஏன் முடிந்தது என்று தொலைபேசி நெட்வொர்க் ஓர் எண்ணால் சொல்லிவிட்டுப் போகும். அந்த எண்தான் காஸ் கோட். எதிர்முனை பிஸியாக இருந்தால் 17, மணி அடித்தும் எடுக்காவிட்டால் 19, அப்படியொரு நம்பரே இல்லையென்றால் 1, காலி லைன் கிடைக்காவிட்டால் 34. பேசி முடித்து ஒழுங்காக வைத்துவிட்டால்கூட எண் உண்டு: 16. 127 வரை போகும் இந்தப் பட்டியல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு வகுத்த கியூ.850 பரிந்துரையில் இருக்கிறது.

‘காஸ்’ லத்தீனின் ‘கௌசா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காரணம், வழக்கு என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. நீதிமன்றத்தின் ‘காஸ் லிஸ்ட்’டில் இருப்பது இரண்டாவது பொருள். ‘கோட்’ வந்த வழி இன்னும் நீளம். லத்தீனில் மரத்தண்டைக் குறித்த சொல், எழுதும் பலகைக்கும், பிறகு நூலுக்கும், சட்டத் தொகுப்புக்கும் பெயராகி, கடைசியில் குறியீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தமிழில் இதைப் ‘பிழைக் குறி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 16இல் என்ன பிழை? கியூ.850இலேயே 1 முதல் 31 வரை உள்ளவை ‘இயல்பான நிகழ்வு’ என்ற வகையில்தான் வருகின்றன. பிஸியும் அதில் அடக்கம். ஆகவே ‘காரணக் குறி’ என்பதே சரி. ‘காரணம்’ வடமொழியிலிருந்து வந்தாலும் நம் இலக்கணத்தில் எப்போதோ குடியேறிவிட்ட சொல். காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று படித்திருக்கிறோமே, அந்தக் கணக்கில் பார்த்தால் 17 என்ற எண் வெறும் இடுகுறி. அது சொல்லும் சேதிதான் காரணம்.

இந்தச் சொல்லை அதிகம் புழங்குகிறவர்கள் வாய்ஸ் கேட்வேயைப் பராமரிப்பவர்கள். கேட்வேயின் ஒரு பக்கம் பழைய தொலைபேசி வலையமைப்பு, மறுபக்கம் இணையவழி அழைப்புக்கான நெறிமுறையான எஸ்ஐபி. எஸ்ஐபிக்குச் சொந்தமாக வேறு எண்கள்: பிஸிக்கு 486, இல்லாத நம்பருக்கு 404. எந்த எண்ணுக்கு எந்த எண் என்று 2002இல் வந்த ஆர்எஃப்சி 3398 என்ற இணையத் தர ஆவணம் அட்டவணை போட்டுக் கொடுத்தது. இதை ‘மேப்பிங்’ என்பார்கள். ‘குறிப் பொருத்தம்’ என்று சொல்லலாம்.

பொருத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்றாக அமைவதில்லை. 34 (லைன் இல்லை), 38 (நெட்வொர்க் பழுது), 42 (எக்ஸ்சேஞ்சில் நெரிசல்) மூன்றும் எஸ்ஐபியில் 503 (சேவை கிடைக்கவில்லை) ஆகிவிடும். அந்த 503 இன்னொரு கேட்வே வழியாகத் திரும்பத் தொலைபேசிப் பக்கம் போனால் 41, அதாவது ‘தற்காலிகக் கோளாறு’. இதைவிட மோசம் 18. எதிர்முனைக் கருவியிடமிருந்து பதிலே இல்லை என்று கிளம்பும் அது, நடுவில் எஸ்ஐபியின் 408 (நேரம் கடந்தது) ஆகி, மறுமுனையில் 102ஆக இறங்கும். 102 என்றால் நெட்வொர்க்கின் டைமர் காலாவதியானது என்று பொருள். பழுது பார்க்கிறவர் எதிர்முனைக் கருவியை விட்டுவிட்டு நெட்வொர்க்கைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

அட்டவணையை யாராவது கைவைத்து மாற்றி, 17 போய் 503 ஆகிவிட்டால் இன்னும் சிக்கல். 503ஐப் பார்த்ததும் வேறு பாதையில் முயலும்படிதான் பெரும்பாலான சர்வர்களை அமைத்திருப்பார்கள். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை ஒவ்வொரு ட்ரங்க் (நெட்வொர்க்குகளுக்கு இடையிலான இணைப்பு) வழியாகவும் சர்வர் மறுபடி மறுபடி அழைத்துப் பார்க்கும்; அழைத்தவருக்கோ பிஸி டோன் வராது.

சரி, மூலக் காரணத்தைக் காப்பாற்ற வழி? ஆர்எஃப்சி 3326 தந்த ‘ரீசன்’ ஹெடர், அதாவது எஸ்ஐபி செய்தியின் தலைப்பில் வரும் ஒரு வரி இருக்கிறது. ‘காரண வரி’ எனலாம். எஸ்ஐபி செய்தியில் 503 வந்தாலும், இந்த வரியில் கியூ.850 எண் 34 என்று அப்படியே எழுதி அனுப்பலாம். பதில் செய்திகளிலும் இந்த எண்ணை வைக்க 2011இல் ஆர்எஃப்சி 6432 இடம் கொடுத்தது. மறுமுனைக் கேட்வே அட்டவணைக்குப் போகும் முன் இந்த வரியைப் படிக்கும்படி அமைத்துவிட்டால், 34 என்று கிளம்பியது 34 ஆகவே போய்ச் சேரும்.