பழைய கார் வச்சிருக்கீங்களா? புகை டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க

போன மாசம் மாமனாரோட 98 மாடல் மாருதி 800-ஐ பொல்யூஷன் டெஸ்ட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். வீட்டுல இருந்து சென்டர் ரெண்டு தெருதான். சைலன்சர்ல குழாயைச் சொருகினாங்க, மெஷின்ல சிஓ, அதாவது கார்பன் மோனாக்சைடு, 4.1 சதவீதம்னு வந்துச்சு. இந்த வண்டிக்கு லிமிட் 3. ஃபெயில். "வண்டியை ஸ்க்ராப்புல போட்டுடலாம் மாப்ள"ன்னு மாமா ரொம்ப நொந்துட்டாரு. கடைசில பார்த்தா பிரச்சனை வண்டிக்கு வயசானதுல இல்லவே இல்ல, அதைக் கீழ சொல்றேன், முதல்ல ரூல் என்னன்னு பார்த்துடலாம்.

வண்டி ரிஜிஸ்டர் பண்ணி ஒரு வருஷம் முடிஞ்சதும் பியூசி, அதாவது இந்தப் புகை டெஸ்ட் சர்டிபிகேட், கட்டாயம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 115-வது விதி இது. பிஎஸ்-4, பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்ங்கற புகை தரம்) வண்டின்னா சர்டிபிகேட் ஒரு வருஷம் செல்லும், அதுக்கு முந்தின வண்டிக்கு எல்லாம் ஆறே மாசம்தான். இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க, ஏன்னா பிஎஸ் நம்பர் வருஷத்தை மட்டும் வச்சு வராது, ஊரையும் பொறுத்தது. சென்னை மாதிரி 13 நகரங்கள்ல 2010 ஏப்ரல்லயே பிஎஸ்-4 வந்தாச்சு, ஆனா நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரல் 1-லதான். அதனால 2012-ல சென்னையில வாங்கின காருக்கு ஒரு வருஷமும், அதே வருஷம் சின்ன ஊர்ல வாங்கின அதே மாடலுக்கு ஆறு மாசமும் கிடைக்கலாம். ஆர்சி புக்லயோ அரசோட பரிவாகன் சைட்லயோ உங்க வண்டி எந்த நார்ம்ஸ்னு ஒரு தடவை பார்த்து வச்சுக்கோங்க.

டெஸ்ட் லிமிட்டும் இதை வச்சுத்தான். பெட்ரோல் கார்ல பிஎஸ்-2க்கு முந்தினதுன்னா ஐட்லிங்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இஞ்சின் ஓடும்போது) சிஓ 3 சதவீதம், ஹெச்சி (எரியாத எரிபொருள், ஹைட்ரோகார்பன்) 1500 பிபிஎம் வரை விடுவாங்க. பிஎஸ்-2, பிஎஸ்-3ன்னா 0.5, 750. பிஎஸ்-4ன்னா 0.3, 200, அதோட ஆக்சிலரேட்டரை 2500 ஆர்பிஎம் கிட்ட பிடிச்சு இன்னொரு ரீடிங்கும் உண்டு. டீசல் காருக்கு வேற மாதிரி, ஆக்சிலரேட்டரை ஃபுல்லா மிதிச்சு விட்டு, திரும்ப மிதிச்சு, வர்ற புகையோட அடர்த்தியை அளப்பாங்க, பிஎஸ்-4க்கு முந்தின வண்டின்னா 2.45, பிஎஸ்-4ன்னா 1.62 தாண்டக்கூடாது.

இப்ப மாமா வண்டி கதை. ஃபெயில் ஆனதும் நேரா எங்க மெக்கானிக் கிட்ட போனோம். பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டி, காத்தையும் பெட்ரோலையும் கலக்கற கார்பரேட்டரோட வாயைக் காட்டினாரு. "சார், சோக் ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க." சோக்னா இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆக காத்தைக் குறைக்கற தகடு. டேஷ்போர்டுல சோக் நாப் முழுசா உள்ளதான், அதாவது ஆஃப்லதான், இருக்கு, ஆனா கேபிள் துருப்பிடிச்சு இறுகிப்போய், உள்ள தகடு பாதி மூடின மாதிரியே நிக்குது. காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி, அப்புறம் சிஓ ஏறாம என்ன பண்ணும். பிளக்கைக் கழட்டினா முனையெல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. கேபிளுக்கு எண்ணெய் விட்டு, பிளக்கைத் துடைச்சு முனையோட இடைவெளியைச் சரி பண்ணி, ஏர் ஃபில்டர் புதுசு போட்டு, மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சமா திருப்பினாரு. பைபாஸ்ல இருபது நிமிஷம் ஓட்டிட்டு அப்படியே திரும்ப டெஸ்ட்டுக்குப் போனோம், 1.8 வந்துச்சு.

அந்த இருபது நிமிஷ ஓட்டம்தான் பாதி பேர் பண்ணாம விடுறது. இஞ்சின் சூடாகலன்னா பெட்ரோல் சரியா எரியாது, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கற வண்டின்னா அதுவும் சூடானாத்தான் வேலை செய்யும் (சென்னை உட்பட நாலு மெட்ரோல புது பெட்ரோல் காருக்கு 1995 ஏப்ரல்ல இருந்தே கன்வர்ட்டர் வந்தாச்சு). காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே பக்கத்துத் தெரு சென்டருக்கு ஓட்டிட்டுப் போனா நல்ல வண்டியே ஃபெயில் ஆகலாம். ஏசியை ஆஃப் பண்ணிடுங்க. ஆயில் மாத்த வேண்டிய நேரம் வந்திருந்தா மாத்திட்டே போங்க, பழைய ஆயில்ல கலந்த பெட்ரோலும் ஹெச்சியை ஏத்தும். சைலன்சர்ல ஓட்டை இருந்தா முதல்லயே வெல்டு வச்சிடுங்க, இல்லன்னா வெளிக்காத்து கலந்து ரீடிங் தப்பா வரும்.

எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடுற) வண்டில திருப்ப ஸ்க்ரூ எல்லாம் கிடையாது, செக் இஞ்சின் லைட் எரிஞ்சா ஸ்கேன் போட்டுப் பாருங்க, ஆக்சிஜன் சென்சர் போயிருந்தா சிஓ ஏறலாம். டீசல்ல ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், அதுக்கப்புறம் இன்ஜெக்டர் நாசில். புகை கலரையும் பாருங்க. கறுப்புன்னா எரிபொருள் ஜாஸ்தி இல்ல காத்து கம்மி, செலவு பெரும்பாலும் சின்னது. நீலமா வந்தா இஞ்சின் ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போச்சு, அதுக்கு டியூனிங் பண்ணி ஒண்ணும் ஆகாது, பர்ஸைத் தயார் பண்ணிக்கோங்க.

ஃபெயில் ஆனா பயப்படாதீங்க. 2021 ஜூன்ல வந்த ரூல்படி ரிஜெக்‌ஷன் ஸ்லிப் தருவாங்க, அதைக் காட்டி ரிப்பேர் பண்ணலாம், அந்த மெஷின்லயே கோளாறோன்னு சந்தேகம்னா வேற சென்டர்ல திரும்ப டெஸ்ட் பண்ணலாம். அதே ரூல்லதான் நாடு முழுக்க ஒரே மாதிரி கியூஆர் கோடு வச்ச சர்டிபிகேட், ஓனர் மொபைல் நம்பருக்கு எஸ்எம்எஸ் எல்லாம் வந்துச்சு. அதனால நம்பர் சரியானதைக் குடுங்க. வண்டியே வராம சர்டிபிகேட் போட்டுத் தர்றேன்னு சொல்ற ஆளுங்க பக்கம் போகாதீங்க. ரோட்டுல புகை விட்டுட்டுப் போற வண்டின்னு அதிகாரிக்குத் தோணினா திரும்ப டெஸ்ட்டுக்கு அனுப்பலாம், அப்ப அந்தப் பேப்பர் உங்களைக் காப்பாத்தாது.

ஃபைன் சும்மா இல்ல. 2019 செப்டம்பர்ல இருந்து மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுப்படி 10,000 ரூபாய் வரைக்கும், இல்லன்னா மூணு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம், கூடவே மூணு மாசம் லைசன்ஸ் போகும். இன்சூரன்ஸ் பத்தி வாட்ஸ்அப்ல சுத்துறதுல பாதி தப்பு. பியூசி இல்லாததை மட்டும் காரணமா வச்சு கிளெய்மை மறுக்க முடியாதுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ 2020 ஆகஸ்ட்லயே சொல்லிடுச்சு. தேர்ட் பார்ட்டி பாலிசி புதுப்பிக்க பியூசி வேணும்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் போட்ட நிபந்தனையையும் 2024 ஜூலைல அவங்களே எடுத்துட்டாங்க. ஆனா 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்க ஃபார்ம் 25 குடுக்கும்போது பியூசி வேணும், அதுல தப்பிக்க முடியாது.

சர்டிபிகேட் தொலைஞ்சா பரிவாகன் சைட்ல வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரோட கடைசி அஞ்சு எழுத்தும் போட்டு எடுத்துக்கலாம், டிஜிலாக்கர், எம்பரிவாகன்ல காட்டினாலும் செல்லும். மாமா மட்டும் பிரிண்ட் போட்டு லேமினேஷன் பண்ணித்தான் வண்டில வைப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஆறு மாசத்துல காலாவதி ஆகிற பேப்பருக்கு லேமினேஷன்.