குரோத் ஸ்கேன்: சொல்லும் பொருளும்

கர்ப்பத்துல ஏழு மாசம் தாண்டினதும் குழந்தை வளர்ச்சியைப் பாக்க டாக்டர் சீட்டுல குரோத் ஸ்கேன்னு எழுதிக் குடுப்பாங்க, வீட்டுல அதையே எட்டாம் மாச ஸ்கேன், வெயிட் பாக்குற ஸ்கேன்னு சொல்லுவோம். பொதுவா 28ல இருந்து 36 வாரத்துக்குள்ள எடுக்குறது.

ஸ்கேன்ங்கிற சொல்லுக்கு வேர் லத்தீன், ஏறுறதுன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல முதல்ல செய்யுளைச் சீர் பிரிச்சுப் பாக்குறதுக்குத்தான் இது வழங்குச்சு, நம்ம யாப்புல அலகிடுறதுன்னு சொல்றோமே அதேதான், அப்புறம் எதையும் உத்துப் பாக்குறதுக்கு ஆகி கடைசியா மெஷினுக்கு வந்துச்சு. இந்த ஸ்கேன் எடுக்குறது அல்ட்ராசவுண்டுல, அதுக்குத் தமிழ்ல மீயொலி, நம்ம காதுக்கு எட்டுற எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 20,000 அதிர்வு, இந்த ஸ்கேன்ல வர்ற ஒலி அதைவிட நூறு மடங்குக்கும் மேல. கர்ப்பத்தை இப்படிப் பாக்கலாம்னு 1958ல கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்டும் கூட இருந்தவங்களும் லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல எழுதினாங்க. தமிழ்ல வளர்ச்சி மீயொலிச் சோதனைன்னு சொல்லலாம், ஸ்கேனுக்கு வருடல்னும் எழுதுறாங்க, எனக்கு சோதனைதான் தெளிவா படுது.

இதுல வளர்ச்சிங்கிற சொல்லைத்தான் கவனிக்கணும். ஒரு ஸ்கேன்ல தெரியறது அளவு மட்டும்தான், ரெண்டு ஸ்கேனைப் பக்கத்துல வச்சாத்தான் குழந்தை வளருதா நின்னுடுச்சான்னு தெரியும், அதுக்குத்தான் சந்தேகம் இருந்தா ரெண்டு மூணு வாரம் விட்டு மறுபடி வரச் சொல்றாங்க.

ரிப்போர்ட்ல பிபிடி தலையோட குறுக்களவு, ஹெச்சி தலைச் சுத்தளவு, எஃப்எல் தொடை எலும்பு நீளம், ஏசி வயித்துச் சுத்தளவு. இந்த ஏசியைத்தான் டாக்டர் முதல்ல பாப்பாங்க, ஏன்னா நச்சுக்கொடி வழியா சத்து பத்தலைன்னா குழந்தை உடம்பு இருக்கிற ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிட்டுடும், ஈரல்ல சேமிப்பு குறைஞ்சு வயிறு சிறுத்துப் போகும், தலை அளவு சரியாவே இருக்கும். அப்போ டாப்ளர்னு ரத்த ஓட்டம் பாக்குற ஸ்கேன் எடுத்து தொப்புள்கொடில ரத்தம் ஒழுங்கா ஓடுதான்னு சோதிப்பாங்க. பனிக்குட நீர் அளவும் ரிப்போர்ட்லயே இருக்கும்.

ரிப்போர்ட்ல இருக்குற குழந்தையோட எடை, தராசுல போட்டது இல்ல, இந்த அளவுகளை வச்சுப் போட்ட கணக்கு, 10-15 சதவீதம் கூடலாம் குறையலாம், 2.5 கிலோன்னு இருந்தா 2.2ம் இருக்கலாம் 2.8ம் இருக்கலாம். அதே மாதிரி 34 வாரத்துல போனா ரிப்போர்ட்ல 32 வாரம்னு போட்டிருக்கலாம், பிரசவ தேதி மாறிடுச்சுன்னு பதறாதீங்க, முதல் மூணு மாச ஸ்கேன்ல குறிச்ச தேதிதான் கடைசிவரை கணக்கு, இது அந்த அளவு எந்த வாரத்தோட சராசரின்னு மட்டும் சொல்லுது, அந்த வித்தியாசம் ஏன்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

ரிப்போர்ட் நார்மல்னே வந்திருந்தாலும் குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா அடுத்த ஸ்கேன் வரைக்கும் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.