பாலம் கட்டியாச்சு, வழி எங்கே?

பிரேதப் பரிசோதனைக்கு மறுபடியும் ஒரு புள்ளிமான். சாலையோரம் பார்த்தவர்கள், "ஒரு கீறல்கூட இல்லையே, பயத்திலேயே செத்திருக்கும்" என்றார்கள். வயிற்றைத் திறந்தால் கல்லீரல் கிழிந்து உள்ளே முழுக்க ரத்தம். வண்டியில் அடிபட்டு வரும் மான்களில் இது சகஜம்.

அறிக்கை எழுதி முடிப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "விலங்குகள் கடக்க ஒரு பாலம் கட்டிட்டா தீர்ந்துடுமே டாக்டர்?" தீராது. பாலம் வேண்டியதுதான். மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் காட்டை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலை 44-இல் சாலையைப் பாலமாகத் தூக்கி, அதன் அடியில் விலங்குகளுக்கென்றே கீழ்வழிகள் கட்டினார்கள்; அதில் நீளமானது 750 மீட்டர். 2019-இல் வைத்த கேமராக்களில் புலி உட்பட 18 வகை விலங்குகள் பதிவாயின. அங்கே வழியின் இரு வாயிலும் காடு இருக்கிறது. வாயிலேயே ரிசார்ட்டும் மின்வேலியும் இருந்தால் எந்த விலங்கு உள்ளே நுழையும்?

அடுத்த சமாதானம், "யானை வேற வழி பார்த்துக்கும்." பார்த்துக்கொள்ளும், உங்கள் வாழைத்தோட்டம் வழியாக! சீகூரைப் பாருங்கள். ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சமதளம்தான் யானைக்கு வழி. சரிவிலும் ஏற முடியாது, பள்ளத்திலும் இறங்க முடியாது. அந்த இடத்தில் கட்டடம் வந்தால் யானை எங்கே போகும்? தமிழக அரசு 2010-இல் அந்தச் சமதளத்தை யானை வழித்தடமாக அறிவித்தது, உயர் நீதிமன்றம் 2011-இல் சரி என்றது, உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது 2020 அக்டோபர். கட்ட விட்டுவிட்டு அப்புறம் வழக்கு நடத்துவதற்குப் பத்து வருடம்.

பணம் இல்லை என்பார்கள். சாலைத் திட்டத்தின் முதல் மதிப்பீட்டிலேயே விலங்குகள் கடக்கும் வழியையும் சேர்த்துவிட வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். காடழிப்புக்கு ஈடாக வசூலாகும் காம்பா நிதியிலிருந்து வழித்தட நிலத்துக்கும் ஒதுக்கட்டும். மரக்கன்று நடும் விழாவில் காட்டும் அக்கறையில் பாதி போதும்.

உங்களுக்கும் சில வார்த்தைகள். கர்நாடகத்தில் பந்திப்பூர் காடு வழியாகப் போகும் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடுவதைத் திட்டாதீர்கள், பயணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காட்டுச் சாலையில் ஒரு மான் கடந்தால் உடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், அதன் பின்னால் மான்கூட்டம் இருக்கும். ஹாரன் அடிக்காதீர்கள், வாழைப்பழம் வீசாதீர்கள், தயவுசெய்து.

மலையடிவாரத்தில் மனை வாங்கப் போகிறவர்களே, வில்லங்கச் சான்றிதழில் யானை வராது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வனச்சரக அலுவலகத்தில் சர்வே எண்ணைக் காட்டி ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.