ஹெர்னியாவுக்கு எதற்கு இதய மருத்துவர் கடிதம்?

"குழந்தைக்கு ஹெர்னியா. அரை மணி நேர ஆபரேஷன்தான் என்கிறார்கள். ஆனால் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருப்பதால், இதய மருத்துவரின் கடிதமும் புது எக்கோவும் (இதய ஸ்கேன்) கேட்கிறார்கள். அடிவயிற்றில் செய்கிற வேலைக்கு இதயத்தை ஏன் பார்க்க வேண்டும்?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. கத்தி படும் இடம் அடிவயிறுதான். ஆனால் மயக்க மருந்து உடம்பு முழுக்கப் போகிறது.

ஏறக்குறைய நூற்றில் ஒரு குழந்தை இதயக் குறைபாட்டோடு பிறக்கிறது. இதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்கும் இடது பக்கம் உடம்புக்கும் ரத்தம் அனுப்புகிறது, நடுவில் சுவர் இருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். சுவரில் பெரிய ஓட்டை இருந்தால் ரத்தத்துக்கு இரண்டு வழி கிடைக்கிறது. எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ, அந்தப் பக்கமே அதிகம் பாயும்.

1888-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விவரித்த குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருக்கும். நுரையீரலுக்குப் போகும் பாதையும் குறுகியிருக்கும். இந்தக் குழந்தை ஓடியாடிக் களைத்தால் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்ளும். யாரும் சொல்லித் தந்ததில்லை. முழங்கால் மடங்கித் தொடை வயிற்றோடு அழுந்தும்போது கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் நெருக்கப்படுகின்றன. உடம்புப் பக்கம் எதிர்ப்பு ஏறுகிறது. ஓட்டை வழியாக நழுவிக்கொண்டிருந்த ரத்தம், வேறு வழியில்லாமல் குறுகிய பாதையில் புகுந்து நுரையீரலுக்குப் போகிறது. நீலம் பாரித்த உதடு மெல்லச் சிவக்கிறது. உடலியலில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரியாது.

இப்போது மயக்க மருந்துக்கு வருவோம். பல மயக்க மருந்துகள் உடம்பின் ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும். அதாவது, குத்துக்காலிட்டு உட்கார்வதற்கு நேர் எதிரான வேலை. ரத்தம் நுரையீரலைத் தொடாமலே உடம்புக்குத் திரும்பிவிடும். மாஸ்க்கில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும், நுரையீரலுக்கே வராத ரத்தம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? அதனால் மயக்க மருத்துவர் ரத்தக்குழாய்களை இறுக்கும் ஃபினைல்எஃப்ரின் மருந்தைக் கையருகே வைத்திருப்பார். தேவைப்பட்டால் குழந்தையின் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு அழுத்துவார். குழந்தை தானே கண்டுபிடித்த வைத்தியம்தான் அது.

வேறு சில குறைபாடுகளில் கணக்கு தலைகீழ். ஒற்றைக் கீழறையோடு பிறந்த சில சிசுக்களுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் நுரையீரல் குழாய்கள் விரிந்து, ரத்தமெல்லாம் அங்கே போய்விடும், உடம்புக்குப் போதாது. நுரையீரல் அழுத்தம் ஏற்கெனவே அதிகமாக இருக்கும் குழந்தைக்கோ குளிரும் வலியும் மூச்சுக் குறைவும்கூட ஆபத்து.

அப்புறம், சலைன் ட்யூபில் வரும் காற்றுக்குமிழி. சாதாரண இதயமென்றால் சின்னக் குமிழி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக் கரைந்துவிடும். ஓட்டை இருந்தால் அதே குமிழி நேராக மூளைக்குப் போய்விடக்கூடும். ட்யூபை விரலால் சுண்டிச் சுண்டி ஒவ்வொரு குமிழியாக வெளியேற்றும் நர்ஸைப் பார்த்தால் அவசரப்படுத்தாதீர்கள்.

இதயக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் இந்தத் துறைக்கு ஆராய்ச்சிப் பணம் இன்னும் வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். குறைபாடுகளில் வகைகள் ஏராளம். ஒவ்வொரு வகையிலும் ஒரு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் கொஞ்சம்தான். பல மருத்துவமனைகள் தகவல்களைச் சேர்த்து வைத்தால்தான் எந்த மருந்து பாதுகாப்பானது என்று தெரியும். அதற்கு ஆளும் பணமும் தேவை.

சரி, அந்தக் கடிதத்தில் என்ன இருக்கும்? ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, ரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது, நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, இதயத் துடிப்பு சீரா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறது என்ற விவரங்கள். ஓட்டை சின்னதாக இருந்து, அழுத்தமும் சரியாக இருந்தால், பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே ஹெர்னியாவை முடித்துவிடலாம். பெரிதென்றால், இதய நோயுள்ள குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவரும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். ஓடி விளையாடும்போது குழந்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தால், அதையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.