கசடு ஏன் படிய மறுக்கிறது?

“எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எஸ்டிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்), கசடு படிய வேண்டிய செட்டிலிங் டேங்கிலிருந்து கசடு வழிகிறது. டேங்கைச் சின்னதாகக் கட்டிவிட்டார்களா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். அதற்கு முன், கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ப்ளோயர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். கசடு படியுமா என்பது பெரும்பாலும் முந்தைய காற்றூட்டும் தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது.

அடிப்படை தெரிந்ததுதான். காற்றை ஊதினால் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகும், தாம் சுரக்கும் பசையால் ஒட்டித் திரளாகும், அடுத்த தொட்டியில் கசடாகப் படியும். மான்செஸ்டரில் 1914இல் ஆர்டெனும் லாக்கெட்டும் அறிவித்த முறை இது.

அந்தத் திரளுக்குள் நடக்கும் போட்டிதான் அழகு. அதில் உருண்டையாக ஒட்டி வளரும் பாக்டீரியாக்களும் உண்டு, இழையாக நீளும் பாக்டீரியாக்களும் உண்டு. இழைகள் கொஞ்சம் இருப்பது நல்லது. திரள் உடையாமல் பிடித்துக்கொள்ளும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க ராத்திரியில் ப்ளோயரை நிறுத்தினால் ஆக்சிஜன் குறைகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது அரை மில்லிகிராமுக்கும் கீழே போனால், திரளின் உட்புறம் வரை அது போய்ச் சேராது. இழைகளோ வெளியே நீண்டு, தண்ணீரில் மிஞ்சியிருப்பதை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. உணவு எப்போதும் மிகக் குறைவாகவே இருந்தாலும் இதே கதைதான். அப்புறம் ஒரு திரளின் இழைகள் அடுத்த திரளைத் தள்ளி நிறுத்தும். நடுவில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். அமுக்காத பஞ்சு மாதிரி, எடை அதேதான், இடம் மட்டும் பல மடங்கு.

இதைத் திருப்பியும் போடலாம். பிராகில் ஹுடோபாவும் சகாக்களும் 1973இல் காட்டிய வழி: செட்டிலிங் டேங்கிலிருந்து திரும்பி வரும் கசடும் புதுக் கழிவுநீரும் முதலில் ஒரு சிறு தொட்டியில் சந்திக்கட்டும். உணவு செறிவாகக் கிடைக்கும்போது உருண்டைப் பாக்டீரியாக்கள்தான் வேகமாக வாரிச் சேமிக்கும், இழைகள் பின்தங்கும். மருந்தே இல்லாமல், சூழலை மாற்றி வெற்றியாளரை மாற்றுவது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. பாக்டீரியாப் பொடி வாங்கிக் கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூழல் மாறாவிட்டால் பழைய கூட்டமே மறுபடி ஓங்கும். அந்தப் பணத்தில் ஆக்சிஜன் மீட்டர் வாங்கலாம். நம் ஊர் வெப்பத்தில் எந்த இழை எப்போது தலைதூக்குகிறது என்று பார்க்கும் ஆய்வுகளுக்கும் அரசு தாராளமாகச் செலவிட வேண்டும்.

சரி, உங்கள் எஸ்டிபியில் இதுதான் நடக்கிறதா? காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கலவையை அளவு உருளையில் ஊற்றி 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். படிந்த கசடின் மில்லிலிட்டரை, லிட்டரில் எத்தனை கிராம் கசடு (உலர்ந்த எடையில்) என்பதால் வகுங்கள். 3 கிராமுக்கு 300 மில்லிலிட்டர் என்றால் 100, நல்ல கசடு. 150ஐத் தாண்டினால் இழைகளைச் சந்தேகிக்கலாம்.

உருளையை உடனே கழுவிவிடாதீர்கள். நன்றாகப் படிந்த கசடு ஓரிரு மணி நேரத்தில் கட்டியாக மேலே எழும்பினால் கோளாறு வேறு. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் பயன்படுத்தி நைட்ரஜன் வாயுவை விடுகின்றன. அந்தக் குமிழிகள் கசடைத் தூக்குகின்றன. வெயில் காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்படியானால் செட்டிலிங் டேங்கில் கசடைத் தேங்கவிடாமல், திருப்பி அனுப்பும் பம்பைக் கூடுதல் நேரம் ஓட்டுங்கள்.