துடுப்பு நீராவி அன்று, சக்கர நீராவிக் கப்பல்

பிரிஸ்டலில் கட்டப்பட்டு, 1838 ஏப்ரலில் 15 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் சேர்ந்த கிரேட் வெஸ்டர்ன் கப்பலை, ஆங்கிலத்தின் 'பேடில் ஸ்டீமர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துத் 'துடுப்பு நீராவி' என்று எழுதியிருப்பதை அண்மையில் மூன்றாவது முறையாகப் படித்தேன். நீராவி கொதிகலனில் உண்டாவது. அது பயணிகளை ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்வதில்லை. இதைச் சுட்டிக்காட்டினால், 'கப்பல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் 'துடுப்பு நீராவிக் கப்பல்' ஆக்கிவிடுகிறார்கள். பெரிய பிழை அப்படியே நிற்கிறது.

துடுப்பு தமிழில் கைக்கருவி. படகு வலிப்பதும் களி கிண்டுவதும் அதைக் கொண்டுதான். ஆங்கிலத்தின் 'பேடில்', கலப்பையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டும் சிறு மண்வெட்டியாகத் தொடங்கிப் படகுத் துடுப்புக்கு வந்து, பின்னர், நீராவி இயந்திரம் சுழற்றிக் கப்பலை நகர்த்தும் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் பொருத்திய பலகைக்கும் பெயரானது.

அகராதியில் பேடிலுக்குத் துடுப்பு என்றுதானே இருக்கிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அப்படியானால் பண்டைய கிரேக்கர்களின் போர்க்கப்பலுக்கு என்ன பெயர் வைப்பது? மூன்று அடுக்காக அமர்ந்து சுமார் 170 பேர் துடுப்பு வலித்த அந்தக் கப்பலுக்கே 'துடுப்புக் கப்பல்' என்ற பெயர் உரியது. கடற்பயண வரலாறு எழுதுபவர் ஒரே நூலில் இரண்டையும் குறிப்பிட நேர்ந்தால், மனிதர் வலித்ததையும் இயந்திரம் சுழற்றியதையும் எப்படிப் பிரித்துக் காட்டுவார்? மேலும், இக்கப்பலின் குணமும் குறையும் சக்கரத்தில்தான் இருந்தன. கிரேட் வெஸ்டர்னின் இரு விலாவிலும் 28 அடிக்கு மேல் விட்டமுள்ள சக்கரங்கள் இருந்தன. அலையில் கப்பல் ஒருபுறம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் நீரில் ஆழும், மற்றது காற்றைத் துழாவும். நிலக்கரி எரிந்து தீரத் தீரக் கப்பல் மேலெழுந்து, இரண்டுமே நீரில் படிவது குறையும். 1845-இல் பிரித்தானியக் கடற்படை, நீருக்கடியில் சுழன்று கப்பலை உந்தும் திருகு பொருத்திய ராட்லர் கப்பலையும் சக்கரம் பொருத்திய அலெக்டோ கப்பலையும் பின்புறத்தோடு பின்புறம் பிணைத்து இழுக்கவிட்டபோது, ராட்லர் அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. தோற்றது சக்கரம் என்று எழுதினால் புரிகிறது; துடுப்பு தோற்றது என்றால் என்ன புரியும்?

எனவே 'சக்கர நீராவிக் கப்பல்' என்பதே பொருத்தம். மிசிசிப்பி ஆற்றில் ஓடியவற்றைப் பின்சக்கரக் கப்பல், பக்கச் சக்கரக் கப்பல் என்று பிரிக்கவும் அது இடம் தருகிறது. சுக்கானைத் திருப்பும் சக்கரத்தோடு குழம்பாதா என்பார் சிலர். பாய்க்கப்பல் என்றதும் படுக்கும் பாயை எவரும் நினைப்பதில்லை. கப்பலை எது நடத்துகிறதோ அதையே முன்வைத்துப் பெயரிடுவது நம் வழக்கம்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தாம் ஆங்கிலத்தின் 'கரியர்' என்பதைப் பெயர்த்துக் கப்பலுக்குத் 'தொழில் வாழ்க்கை' என்று ஒன்றையும் கொடுத்து, ஆங்கில மரபைப் பின்பற்றி அதை 'அவள்' ஆக்குகிறார்கள். கிரேட் வெஸ்டர்ன் 1847-இல் ராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட் கம்பெனிக்கு 'விற்கப்பட்டாள்' என்று படிக்கும்போது அடிமை வணிகமோ என்று ஐயம் எழுகிறது. அது கப்பல், விற்கப்பட்டது, கிரிமியப் போரில் படையினரை ஏற்றிச் சென்றது, 1856-இல் தேம்ஸ் கரையில் உடைக்கப்பட்டது.