மூச்சு முட்டாத விஷம்

வடசென்னைக்காரர்களின் மூக்கு பழகிய மூக்கு. மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் தெரியும், கொடுங்கையூர் குப்பைமேடு புகைந்தால் தெரியும், காசிமேடு நெருங்கிவிட்டதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த சனங்கள் கண்ணும் தொண்டையும் எரிந்து எழுந்து தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் அவர்களை எழுப்பிவிட்டது அந்த நாற்றம்தான்.

கார்பன் மோனாக்சைடு யாரையும் எழுப்பாது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணைக் கரிக்காது. இதையெல்லாம்விட முக்கியம், அதைச் சுவாசிப்பவருக்கு மூச்சு முட்டாது. அறைக்குள் ஜெனரேட்டர் புகையில் குடும்பமே இறந்துகிடந்தால் ‘மூச்சுத் திணறி பலி’ என்று செய்தி போடுகிறார்கள். திணறியிருந்தால் முழித்திருப்பார்களே!

மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் வருவது. மூளைத்தண்டு அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் ஏறினாலும் வேகமாக மூச்சு வாங்கச் சொல்லும். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் இன்னொரு காவல் உண்டு. அது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்தைப் பார்க்கும். கார்பன் மோனாக்சைடு பரவிய அறையிலும் நுரையீரல் வழக்கம்போல வேலை செய்கிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது, கரைந்த ஆக்சிஜனும் சரியாகவே இருக்கிறது. இரண்டு காவலுக்கும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனில் கரைந்திருப்பது சுமார் 2 சதவீதம்தான். மீதியெல்லாம் ஹீமோகுளோபினில் ஏறிப் போவது. கொள்ளை நடப்பது அங்கே.

ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இடங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோ மாதிரி, நுரையீரலில் நான்கு ஆக்சிஜன் ஏறும், திசுக்களில் இறங்கும். கார்பன் மோனாக்சைடு ஏறினால் லேசில் இறங்காது. ஆக்சிஜனைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதோடு, அது உட்கார்ந்ததும் மூலக்கூறின் வடிவமே மாறிவிடுவதால், பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனும் தன் ஸ்டாப்பில் இறங்க முடியாமல் தவிக்கும். அதனால்தான் ரத்தசோகையில் பாதி ஹீமோகுளோபினை இழந்தவர் எழுந்து நடமாடுகிறார், இந்த வாயுவிடம் பாதியைப் பறிகொடுத்தவர் மயங்கி விழுகிறார்.

அந்த 200 சொச்சத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதை 210-ஆல் வகுத்தால் 0.1. அதாவது காற்றில் வெறும் 0.1 சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருந்தாலே போதும், சில மணி நேரத்தில் இரண்டும் ஹீமோகுளோபினைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1890-களில் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தார். துணிச்சல் என்பதா, கிறுக்கு என்பதா தெரியவில்லை. பாதி ஹீமோகுளோபின் போன நிலையில் அவரால் ஒழுங்காக நிற்கக்கூட முடியவில்லை. தப்பிக்க நினைத்தவர்கள் கதவு வரை வந்து, தாழ்ப்பாளை எட்டாமல் விழுந்துகிடப்பதன் காரணம் இதுதான்: கால் முதலிலேயே சோர்ந்துவிடும்.

சரி, இந்த வாயு வீட்டுக்குள் எப்படி வருகிறது? கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். தணலை விசிறும்போது மேலே ஒரு நீலச் சுடர் ஓடும். கார்பன் மோனாக்சைடு எரிகிற நிறம் அது. கரிக் குவியலின் அடியில், காற்று படும் இடத்தில், கார்பன் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அது மேலே ஏற வேண்டுமானால் சிவக்கக் கனன்ற கரிக்கு நடுவே புகுந்து போக வேண்டும். அங்கே ஆக்சிஜன் மிச்சமில்லாததால், கரி அந்த வாயுவிடமிருந்தே ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒரு கார்பன் டை ஆக்சைடு போய் இரண்டு கார்பன் மோனாக்சைடு வருகிறது. மேலே சூடும் காற்றும் போதுமான அளவு இருந்தால் அது நீலமாக எரிந்து தீர்ந்துவிடும். தணல் சாம்பல் பூத்து அடங்கியதும் சுடர் அணைந்துவிடுகிறது, வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. புகை நின்றுவிட்டதே, இனி உள்ளே வைக்கலாம் என்று நம் ஆட்கள் நினைப்பது சரியாக அந்த நேரத்தில்.

ஒரு கிலோ கரியிலிருந்து சுமார் 200 கிராம் கார்பன் மோனாக்சைடு வருவதாக வைத்துக்கொள்வோம். கால் கிலோவுக்கு 50 கிராம். கொள்ளளவில் 44 லிட்டர். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 28,000 லிட்டர் காற்று. வகுத்தால் 0.15 சதவீதம். அந்தக் காற்றில் இருபது நிமிடத்தில் தலை வலிக்கும், ஓரிரு மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. கதவிடுக்கில் கொஞ்சம் கசிந்து போகும்தான். ஆனால் சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து துணி வைத்து அடைத்திருந்தால் அதுவும் இல்லை. கொட்டாங்குச்சித் தணலில் சாம்பிராணி போட்டு, வீடெல்லாம் காட்டிவிட்டு வெளியே கொண்டுபோய் வைப்பதில் பயமில்லை. அதே சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துத் தூங்குவது வேறு.

கொடைக்கானல், ஊட்டி என்றால் குளிருக்குக் கரி மூட்டுகிறார்கள். நமக்குக் குளிர் எங்கே? நமக்குப் புயல். 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம், இரண்டுக்கும் வடசென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஜெனரேட்டர் வரும். அது மழையில் நனையக் கூடாது, திருட்டும் போகக் கூடாது. எனவே கடை ஷட்டருக்கு உள்ளேயோ, மாடிப்படிக்குக் கீழேயோ, லைன் வீட்டின் நடையிலோ போய் உட்காரும். இன்றைய பெட்ரோல் கார்களில் இந்த வாயுவைப் பெரும்பாலும் எரித்துவிடும் வினையூக்கி மாற்றி புகைக்குழாயில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் சின்ன ஜெனரேட்டர்களில் பொதுவாக அது கிடையாது. அப்படி ஒன்று நூற்றுக்கணக்கான கார்களுக்குச் சமமாக இதை வெளியிடும் என்கிறது அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பது வீண் நம்பிக்கை. பல நேரம் புகை உள்ளே வருவதே அந்த ஜன்னல் வழியாகத்தான். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் அறிவுரை. கொருக்குப்பேட்டை சந்தில் 20 அடி தள்ளினால் எதிர்வீட்டுப் படுக்கையறை வந்துவிடும், அது வேறு பிரச்சினை. மொட்டை மாடி பரவாயில்லை, படிக்கட்டுக் கதவைச் சாத்தி, புகைக்குழாயை யார் வீட்டு ஜன்னலும் இல்லாத பக்கம் திருப்பி வைத்தால். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கெய்சர் வைப்பதும் இதே வகை ஆபத்துதான்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல். ஆரம்ப அறிகுறிகள் இவ்வளவுதான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மறுபடி படுத்துவிடுவார்கள். ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், காய்ச்சல் இல்லாமல் தலை வலித்தால், வெளியே வந்ததும் குறைந்தால், சந்தேகப்பட வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை இதில் நம்பக் கூடாது. ரத்தத்தின் சிவப்பை வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் பளிச்சென்ற சிவப்பு. மயங்கிக் கிடப்பவருக்கும் 98 காட்டும். வீட்டில் மாட்டியிருக்கும் கேஸ் கசிவு அலாரமும் இதைக் கண்டுபிடிக்காது. இதற்கென்று தனி அலாரம் விற்கிறார்கள்.

வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டால், ஏறிய வாயுவில் பாதி இறங்க நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகக் குறையும். எனவே முதலில் ஆளை வெளியே கொண்டுவருவது, அப்புறம் 108. ஸ்டான்லியோ வேறு எந்த ஆஸ்பத்திரியோ, டியூட்டி டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே “உள்ளே ஜெனரேட்டர் ஓடிச்சு” என்று சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் இந்த வாயுவைத் தனியாக அளக்கச் சொல்லி அவர் கேட்பது அதைக் கேட்ட பிறகுதான். தெளிந்து வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலருக்குச் சில நாளோ சில வாரமோ கழித்து மறதி, நடையில் தடுமாற்றம், குணமாற்றம் வருவதுண்டு. அப்படி எது தெரிந்தாலும் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போவது நல்லது.